பாத்தா: கசாக் மக்களின் வாழ்த்துச் சடங்கும் அதைச் சூழ்ந்த இசையும் (விளக்கம் வேண்டும்)

முள்ளியவளை சங்கீத ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முள்ளியவளையில் பிறந்து வளர்ந்து, அயலூர்ப் பாடசாலை ஒன்றில் சங்கீதம் படிப்பிக்கிறேன். கடந்த ஆவணியில் எங்கள் சொந்தத்துக்குள் நடந்த ஒரு கலியாணத்தில் கண்டதும், அதே கிழமை கைப்பேசியில் பார்த்த ஒரு கசாக் கலியாணக் காட்சியும் மனத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதால் இந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன்.

எங்கள் கலியாணத்தில் அறுகரிசி போட வந்தவர்களுள் என் அப்பப்பாவின் தங்கையும் ஒருவர். எண்பது வயதைத் தாண்டியவர். பேத்தி ஒருத்தி கையைப் பிடித்து மணவறைக்கு ஏற்றிவிட, அறுகையும் அரிசியையும் இரண்டு கையாலும் அள்ளிப் பொம்பிளையின் பாதத்திலும் முழங்காலிலும் தோளிலும் தலையிலும் மூன்று முறை வைத்தார். வைக்கும்போதெல்லாம் அவருடைய உதடுகள் அசைந்தன. ஆனால் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் நின்றதால், பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பந்தியில் அவருக்கருகில் இருந்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ‘ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழவேணும் எண்டு சொன்னனான். மேளத்துக்குள்ள எனக்கே கேக்கேல்லை மோனை’ என்றார்.

கசாக் கலியாணத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். முகத்தை மூடிய மணமகளின் முன்னே ஒருவர் இரண்டு தந்தி கொண்ட டொம்பிராவை மீட்டிப் பாடுகிறார். அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, மணமகள் ஒவ்வொரு முறையும் குனிந்து வணங்குகிறாள். கடைசியில் முகத்திரை விலகியதும் டொம்பிரா நின்றுவிடுகிறது. கூட்டம் முழுவதும் உள்ளங்கைகளை நெஞ்சுக்கு முன்னே விரித்துப் பிடிக்க, முதியவர் ஒருவர் தாளம்போல் விழும் சொற்களில் ஏதோ சொல்கிறார். அவர் முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கைகளால் முகத்தைத் தடவிக்கொள்கிறார்கள். அந்த அரை நிமிடம் ஒரு பிள்ளைகூட அசையவில்லை.

இதற்குப் ‘பாத்தா’ என்று பெயர் என்பதை மட்டும் தேடி அறிந்தேன். அது பேச்சா, பாட்டா? கருவி அந்த இடத்தில் ஏன் நிற்கிறது? அவர்களுடைய சடங்கு இசைக்கும் வாழ்த்துக்கும் உள்ள உறவு என்ன? அந்த நாட்டில் இருந்தவர்களோ படித்தறிந்தவர்களோ விரிவாகச் சொன்னால், பாடத்தோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஓமந்தையான் எழுதியது:

வணக்கம் ரீச்சர். நான் கசகஸ்தானின் அல்மாட்டி நகரில் மருத்துவம் படித்தவன். ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தேன். அவற்றுள் நான்கு ஆண்டுகள் ஒரு கசாக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்ததால், நீங்கள் கேட்பதைப் பற்றி ஓரளவு நேரில் கண்டு சொல்ல முடியும்.

பாத்தா பாட்டு அல்ல, வெறும் பேச்சும் அல்ல. பெரும்பாலும் ஏழு எட்டு அசை கொண்ட குறுகிய அடிகளாக, மோனையும் எதுகையும் இயைபும் ஒன்றையொன்று இழுத்து வர, மூச்சுக்கு மூச்சு ஓர் அடியாகச் சொல்லப்படும் செய்யுள் அது. மனப்பாடமாகச் சொல்வோரும் உண்டு, அந்த இடத்திலேயே கட்டிச் சொல்வோரும் உண்டு. நல்ல பாத்தா சொல்லத் தெரிந்த முதியவரை ஊரில் எல்லோரும் அறிந்திருப்பார்கள், அவரைத் தேடிப் போவார்கள். சாப்பிட்டு எழும்முன் விரிப்பைச் சுற்றி இருந்தபடியே ஒரு பாத்தா, பயணம் புறப்படும்போது ஒன்று, பிள்ளையைத் தொட்டிலில் இடும்போது ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று என்று அவர்களுடைய நாள்களில் அது எங்கும் வரும். விருந்தாளிக்காக ஆட்டை அறுக்கும் முன் அதை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி அவரிடம் பாத்தா கேட்பதும் வழக்கம். அதை முதன்முதல் கண்டபோது, உயிரோடு நிற்கும் ஆட்டின் முன்னால் எல்லோரும் கை விரித்து நின்ற அமைதி என்னை உலுக்கியது.

அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு: ‘பாத்தாமென் எல் கோகெரெர், ஜாவின்மென் ஜெர் கோகெரெர்.’ வாழ்த்தால் மக்கள் தழைப்பர், மழையால் மண் தழைக்கும் என்பது பொருள். ‘கோகெரெர்’ என்றால் பச்சை பிடித்தல். மக்களுக்கும் மண்ணுக்கும் ஒரே வினைச்சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்களுக்கு வாழ்த்து என்பது மரியாதைச் சொல் அல்ல. மழைபோல விழுந்து வேலை செய்யும் ஒன்று. அதனால் அது கேட்கப்பட வேண்டும், ஏந்தப்பட வேண்டும். கை விரிப்பது அதற்காகவே. இதன் மறுபக்கமும் உண்டு. ‘தெரிஸ் பாத்தா’ என்றால் திருப்பிய வாழ்த்து, அதாவது சாபம். அதைச் சொல்பவர் உள்ளங்கையை வெளிப்புறம் திருப்பிச் சொல்வார். வாழ்த்துக்கு ‘அக் பாத்தா’, வெள்ளை வாழ்த்து, என்று பெயர். வெள்ளை அவர்களுக்குப் பாலின் நிறம். மார்ச் 22 அன்று வரும் நவ்ரிஸ் பண்டிகையில் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல்லே ‘ஆண்டு நன்றாகட்டும், வெள்ளை பெருகட்டும்’ என்பதுதான். வெள்ளை பெருகுவதென்றால் பால் பெருகுவது.

இனி நீங்கள் கண்ட சடங்கு. அதன் பெயர் பெத்தஷார். ‘பெத்’ என்றால் முகம், ‘அஷு’ என்றால் திறத்தல். பாடகர் முதலில் மணமகளைப் பார்த்து, உன் குதிரையின் கடிவாளத்தை இழுத்து நிறுத்து மருமகளே என்ற பொருளில் தொடங்குவார். குதிரையில் வந்து இறங்கிய காலத்தின் சொற்கள் மகிழுந்தில் வந்து இறங்கும் பெண்ணுக்கும் அப்படியே பாடப்படுகின்றன. பிறகு புகுந்த வீட்டில் எப்படி நடக்கவேண்டும் என்ற புத்திமதிகள் வரும். அதன்பின் மாமனார், மாமியார், மூத்தார், கொழுந்தன் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அவருக்கு ஒரு வணக்கம் என்று பாட, பெண் குனிவாள். வணங்கப்பட்டவர் முகம் பார்த்ததற்கான கொடையாகப் பணமோ, கால்நடை தருவதாக ஒரு வாக்கோ கொடுப்பார். திரையைக் கையால் விலக்குவதில்லை. டொம்பிராவின் கழுத்தால் அல்லது ஒரு கோலால் தூக்கி விலக்குவார்கள். இசைக்கருவியே சடங்கின் கருவியாகவும் ஆகிவிடும் இடம் அது. அந்த வேலை முடிந்ததும் டொம்பிரா ஒதுங்கிவிடும். பாடகர் இளைஞராகவும் இருக்கலாம். ஆனால் பாத்தா சொல்பவர் மூத்தவராக இருப்பதே முறை. இசை ஆட்களைக் கூட்டி, உறவை அறிமுகப்படுத்தி, மனங்களை ஒருமுகப்படுத்திக் கொடுக்கிறது. அதன்பின் சொல்லை மட்டும் நிற்க விடுகிறார்கள். கருவி ஏன் நிற்கிறது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுவே.

சடங்குக்கான பாட்டு இன்னும் பல உண்டு. பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகும்போது இளைஞர்களும் பெண்களும் இரு பக்கம் நின்று மாறி மாறிப் பாடும் ‘ஜார் ஜார்’, மணமகள் தானே அழுது பாடும் ‘சிங்சு’ ஆகியவை தனியாக எழுதவேண்டியவை. குழந்தை நடக்கத் தொடங்கும்போது கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் தளைத்து, நல்ல நடத்தை உள்ளவர் ஒருவரைக் கொண்டு அதை வெட்டுவிக்கும் ‘துசாவ் கெசு’ சடங்கும் பாட்டோடும் வாழ்த்தோடும்தான் நடக்கும். பிறருடைய பொருளைத் தொடாதவனைப் பற்றி, இன்னொருவரின் கறுப்பு வெள்ளை நூலைக்கூடத் தாண்டாதவன் என்பார்கள். அந்த நூலே இது.

படிப்பு முடிந்து நான் புறப்பட்ட அன்று, வீட்டுக்கார அம்மா என்னை நிறுத்திப் பாத்தா சொல்லத் தொடங்கினார். நான் நம் வழக்கப்படி கைகூப்பி நின்றேன். அவர் சொல்வதை நிறுத்தி, கூப்பிய கைகளைத் தம் இரு கைகளாலும் மெல்லப் பிரித்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்துவிட்டு, முதல் அடியிலிருந்து மறுபடியும் சொன்னார். மூடிய கைக்குள் எதை இடுவது?

தண்ணீரூற்று எழுதியது:

ரீச்சருக்கும் தம்பிக்கும் ஸலாம். எங்கள் குடும்பம் 1990 இன் இறுதியில் ஊரை விட்டுப் போகநேர்ந்து, நான் புத்தளத்தில் வளர்ந்து, பிறகு தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தவன். கை விரித்து ஏந்துவதும் முடிவில் முகத்தைத் தடவுவதும் நாங்கள் துஆ கேட்கும் முறையே. பாத்தா என்ற சொல்லும் குர்ஆனின் முதல் அத்தியாயத்துக்குப் பெயரான அரபியின் ‘பாத்திஹா’விலிருந்து வந்ததென்றே கொள்ளப்படுகிறது. அவர்கள் முடிவில் சொல்லும் ‘ஔமின்’ நம் ஆமீன்தான். ஆனால் தம்பி சொன்ன வெள்ளையும் பாலும் ஆடும் குதிரையும் அந்தப் புல்வெளிக்கே உரியவை. அவர்கள் வானத்தைத் தெங்ரி என்று வணங்கிய பழங்காலத்தின் பெயரையும் பாத்தாக்களில் கேட்கலாம். வந்த மார்க்கம் கையைக் கொடுத்தது, சொல்லை அந்த மண் கொடுத்தது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

ரமழானில் அவர்கள் பாடும் ‘ஜரபசான்’ பற்றித் தம்பி சொல்லவில்லை. நோன்பு திறந்தபின் இளைஞர்கள் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று பாட, வீட்டுக்காரர் உணவோ பணமோ கொடுக்க, பாடியவர்கள் அந்த வீட்டுக்குப் பாத்தா சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார்கள். அதில் எல்லோரும் அறிந்த தொடக்கம் ஒன்று உண்டு. உன் வாசலுக்கு ஜரபசான் பாட வந்தேன், உன் தொட்டிலுக்குக் கிடாய் போன்ற இரண்டு ஆண்பிள்ளைகள் வரட்டும் என்பது அதன் பொருள். அவர்கள் மொழியில் கதவு ‘எசிக்’, தொட்டில் ‘பெசிக்’. எதுகை பிடித்ததைப் பாருங்கள் ரீச்சர். கதவில் நிற்கும் பாட்டு இரண்டாம் அடியில் வீட்டுக்குள் தொட்டிலுக்கே போய்விடுகிறது.

சிறுவயதில் நோன்புக்கு முன் விடியப்புறம் சாப்பிடும் சஹர் நேரத்துக்கு எங்களை எழுப்ப, பக்கீர் பாவா ஒருவர் றபான் அடித்துப் பாடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருவார். உம்மா கதவைத் திறந்து அரிசியும் சில்லறையும் கொடுக்க, அவர் வீட்டில் உள்ளவர்களின் பேரைக் கேட்டுத் துஆச் செய்வார். என் பேரை அவர் சொன்ன இரவுகளில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. இப்போது அந்த வேலையைக் கைப்பேசி அலாரம் செய்கிறது, பேர் சொல்ல ஆள் இல்லை.

நெடுங்கேணி மத்தளம் எழுதியது:

வணக்கம். நான் கூத்துக்கு மத்தளம் அடிப்பவன். என் அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். கசாக் இசையை ஒலிப்பதிவுகளில் கேட்டும் வாசித்தும் அறிந்தவன் மட்டுமே. மேலே எழுதியவர்கள் இரண்டு பக்கங்களைத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று, கோபிஸ். குதிரைவால் மயிரால் தந்தி கட்டி, வில்லால் இழுத்து வாசிக்கும் கருவி. ஒரே மரத்தைக் குடைந்து செய்து, கிண்ணத்தின் கீழ்ப்பாதிக்கு ஒட்டகத்தோல் போர்த்துவார்கள். நோய் தீர்க்கும் பக்ஸிமாரின் கோபிஸில், கிண்ணத்துக்குள் ஒரு கண்ணாடியும் தலையில் கலகலக்கும் உலோகத் துண்டுகளும் இருந்தன. உடுக்கு அடித்து உருவேற்றி வாக்குச் சொல்பவரை வன்னியில் கண்ட எவருக்கும் பக்ஸியை ஊகிக்கக் கடினமில்லை. இந்தக் கருவியைப் படைத்தவர் கோர்க்கிட் ஆத்தா என்பது ஐதிகம். எங்கே போனாலும் யாரோ குழி வெட்டிக்கொண்டிருந்து ‘இது கோர்க்கிட்டின் புதைகுழி’ என்று சொல்ல, சாவுக்கு அஞ்சி நான்கு திசைக்கும் ஓடி, கடைசியில் சிர்தாரியா ஆற்றின் நீர்மேல் விரிப்பை விரித்து இருந்து கோபிஸ் வாசித்தார். வாசிக்கும் வரை சாவு நெருங்கவில்லை. களைத்துக் கண்ணயர்ந்த வேளையில் பாம்பு தீண்டியது. கிசிலோர்தா மாகாணத்தில் அந்த ஆற்றோரம் 1980 இல் அவருக்கு ஒரு நினைவிடம் கட்டினார்கள். அதன் உலோகக் குழாய்கள் காற்று வீசும்போது கோபிஸ்போல ஒலிக்கும்படி அமைந்தவை. கோர்க்கிட் மரபை 2018 இலும், டொம்பிரா இசையை அதற்கு முன்பே 2014 இலும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

சோவியத் ஆட்சி பக்ஸிமாரை ஒடுக்கியபோது, கோபிஸும் சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. இக்லாஸ் துகெனுலி என்ற மேதை (1843–1916) அதற்கு முன்பே அதைச் சடங்கிலிருந்து வெளியே கொண்டுவந்து தனி இசைக்கான கருவியாக ஆக்கிவைத்திருந்தார். அந்த வழி இருந்திராவிட்டால் கோபிஸின் குரல் நமக்குக் கிடைத்திருக்குமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். 1930 முதல் 1933 வரையான பஞ்சத்தில் கசாக் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அத்தனை பேரோடு எத்தனை பாட்டும் எத்தனை பாத்தாவும் போயிருக்கும்! அலெக்சாந்தர் சதாயெவிச் என்பவர் ஊரூராகக் கேட்டு எழுதிய ஆயிரம் கசாக் பாட்டுகள் 1925 இல், அந்தப் பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர், அச்சானது பெரும் பேறு. அப்பாவின் கூத்துக் கொப்பிகள் ஐந்தும் 2009 இல் ஓர் இடப்பெயர்வுக்கும் அடுத்த இடப்பெயர்வுக்கும் இடையில் போய்விட்டன. அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் இப்போது மறுபடியும் எழுதுகிறேன். சில இடங்களில் அவர் நிறுத்தி, இந்த இடத்தில் ஒரு தரு வரும், மெட்டு இருக்கிறது, சொல் வரவில்லை என்கிறார்.

மற்றது, கலைஞனுக்குக் கிடைக்கும் பாத்தா. அங்கே இளம் பாடகன் மூத்த பாடகரிடம் போய்ப் பாத்தா பெறாமல் தன்னைப் பாடகன் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஏறக்குறைய நூறாண்டு வாழ்ந்த ஜம்பில் ஜபாயெவ் (1846–1945), தமக்குப் பாத்தா தந்த சுயின்பாயைத் தம் குரு என்று கடைசிவரை பாடினார். டொம்பிரா மேதை குர்மான்காசி, சிறுமியாக இருந்த தினா நுர்பெயிசோவாவின் வாசிப்பைக் கேட்டு அவருக்குப் பாத்தா கொடுத்துத் தம் மாணவியாக ஏற்றார். தினா 1955 வரை வாழ்ந்து குருவின் இசையைக் கொண்டுவந்து சேர்த்தார். வெற்றிலை பாக்கில் ஒரு நாணயம் வைத்து அண்ணாவியாரின் காலில் விழுந்து எழுந்தபின்தான் நான் மத்தளத்தைத் தொட்டேன். அப்பாவாக இருந்தாலும் அன்று அவர் எனக்கு அண்ணாவியார். அவர் தலையில் கை வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நம்மிடம் கேட்கும்படி சொல்லும் வாழ்த்து இல்லை என்று எண்ணிவிடவேண்டாம் ரீச்சர். விடியப்புறம் கூத்து முடிய, கோவலனாக ஆடியவரும் கண்ணகியாக ஆடியவரும் சேர்ந்து நின்று ஊருக்கும் மழைக்கும் மாட்டுக்கும் வாழி பாடும்போது, நான் மத்தளத்தை மிகவும் அடக்கியே அடிப்பேன். களத்தில் சூடு மிதிக்கும்போது ‘பொலி, பொலி’ என்று நம் பெரியவர்கள் குரல் கொடுத்ததும் வாழ்த்துத்தான். அந்தச் சொல்லால் நெல் பெருகும் என்று நம்பியே கூப்பிட்டார்கள். வெள்ளை பெருகட்டும் என்று அவர்கள் சொல்வதும் இதுவும் ஒரே நினைப்பிலிருந்து வந்தவை. இப்போது வயலுக்குள்ளேயே இயந்திரம் வெட்டி அடித்துச் சாக்கில் கட்டிவிடுவதால் என் பிள்ளைகள் பொலி என்ற சொல்லைக் கேட்டதில்லை.

முள்ளியவளை சங்கீத ரீச்சர் எழுதியது:

மூவருக்கும் மனம் நிறைந்த நன்றி. எசிக், பெசிக் எதுகையை நேற்று எட்டாம் வகுப்பில் எழுதிக் காட்டினேன். வீட்டில் பெரியவர்கள் உங்களை வாழ்த்தும் சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள் என்று சொன்னபோது, முப்பத்தொரு பிள்ளைகளில் ஆறு பேர் கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளையின் அம்மம்மா சொன்னது: ‘கிணறு வத்தாமல் இரு.’ தோட்டக் கிணற்றோடு வாழ்ந்த ஒருவரால்தான் அதைச் சொல்ல முடியும்.

ஓமந்தையான் தம்பி, ஒன்று கேட்கவேண்டும். பாத்தா பெறுபவர் திருப்பி ஏதாவது சொல்வாரா?

ஓமந்தையான் எழுதியது:

இல்லை ரீச்சர். ஔமின் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. நன்றிகூடச் சொல்லத் தேவையில்லை. முடியும் வரை கையை மடக்காமல் இருப்பதே அவர் செய்யவேண்டியது. நெடிய பாத்தா என்றால் கை உளையும், அப்போதும் யாரும் தாழ்த்துவதில்லை.

முள்ளியவளை சங்கீத ரீச்சர் எழுதியது:

தையில் தம்பி மகனுடைய கலியாணம் வருகிறது. மேளகாரரோடு கதைத்தேன். தாலி கட்டுக்குக் கெட்டிமேளம் எப்போதும்போல இருக்கட்டும், அறுகரிசி தொடங்கும்போது தவிலை நிறுத்தி, நாதஸ்வரத்தில் சுருதியை மட்டும் பிடித்துத் தாருங்கள் என்று கேட்டேன். முதலில் யோசித்தார். பிறகு, யார் முதலில் போடுவது என்று கேட்டார். அப்பப்பாவின் தங்கையின் பெயரைச் சொன்னேன். அவவுக்கென்றால் செய்கிறேன் என்றார்.